மெழுகின் மேல் 24 மெட்டுகள்

வெயிலில் நிறுத்திய காருக்குள் சாக்லெட்டை மறந்து வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வீணையை வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைக் கடந்த ஆண்டு நவராத்திரியில் நான் தெரிந்துகொண்டேன்.

ஜாசினில் இருக்கும் என் அத்தையிடம் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. வாங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சரஸ்வதி பூசை அன்று கோயிலில் அவர் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கு ஐந்து நாள் முன்பு, வீணையையும் அவரையும் மலாக்கா நகருக்கு அழைத்து வந்தேன். வழியில் எனக்குச் சில வேலைகள். காரைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, அத்தையை ஓர் உறவினர் வீட்டில் விட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோது, 24 மெட்டுகளில் ஒன்பது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கறுப்பு மெழுகு வழிந்து மீண்டும் இறுகியிருந்தது. அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கவலைப்படாதீங்க அத்தை, இது வெறும் அலைக் கணக்குதான். நானே சரிசெய்துவிடுகிறேன்” என்று சொன்னேன். பத்து ஆண்டுகளாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா? அந்த வாக்கியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

முதலில் அந்த மெழுகைப் பற்றி. கித்தாரில் மெட்டுக் கம்பிகளை மரத்தில் பள்ளம் வெட்டி அடித்து இறக்கியிருப்பார்கள், அவை நகராது. வயலினில் மெட்டே கிடையாது. நம் மலாக்காவின் தொண்டாங் சாயாங் நிகழ்ச்சிகளில் பியோலா வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய விரல் எங்கே அழுத்துகிறதோ அதுதான் சுரம். (பியோலா என்ற சொல்லே 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் மொழியிலிருந்து வந்தது.) வீணை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் மெட்டுகள் உண்டு. ஆனால் மரத்தில் அடிக்கப்படுவதில்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் மெழுகால் இரண்டு நீண்ட வரப்புகள் கட்டி, அவற்றின் மேல் 24 வெண்கல மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதற்குப் பெயர் ‘மேளம் கட்டுதல்’. 17-ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய வடிவம் உருவானது என்று இசை வரலாற்றில் சொல்வார்கள். அந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த மெழுகு வெறும் தேன்மெழுகு அல்ல. குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சிய கலவை. ஏன் கலக்க வேண்டும்? வீணை வாசிப்பவர் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் கொடுப்பார். கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ‘ச’வை அழுத்திய இடத்திலேயே கம்பியை இழுத்து ‘ரி’யைக் கொண்டுவர வேண்டுமானால் அதிர்வெண் 9/8 மடங்காக வேண்டும். அப்படியானால் இழுவிசை அதன் வர்க்கமான 81/64, அதாவது ஏறத்தாழ 1.27 மடங்கு ஆகவேண்டும். அந்த இழுப்பு முழுவதும் மெட்டையும் பக்கவாட்டில் தள்ளும். மெழுகு அதைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். வேண்டும்போது இளக்கி மெட்டை நகர்த்தும் அளவுக்கு மெதுவாகவும் இருக்க வேண்டும்.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் பனிக்கட்டி மாதிரி ஒரே புள்ளியில் திடப்பொருள் திரவமாகிவிடுவதில்லை. மெழுகு பலவகை மூலக்கூறுகளின் கலவை. உருகுநிலைக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். நம் ஊரில் நண்பகல் வெயிலில் மூடிய காருக்குள் வெப்பநிலை 50 பாகையை எளிதாகத் தாண்டும். வெயில் நேராகப் படும் இடங்கள் இன்னும் சூடாகும். வீணையின் ஒரு பக்கம் சன்னலை ஒட்டி இருந்தது. சாய்ந்த ஒன்பதும் அந்தப் பக்கத்து மெட்டுகள்தாம்.

இனி என் கணக்கு. ஒரு கம்பியின் இழுவிசையும் தடிமனும் மாறாதபோது, அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்கு. கீழ் ‘ச’ மேல் ‘ச’ ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் 12 படிகள். ஒவ்வொரு படியும் ஒரே விகிதத்தில் ஏறவேண்டும் என்று வைத்துக்கொண்டால், தன்னைத்தானே 12 முறை பெருக்கினால் 2 வரும் எண் எது என்று தேட வேண்டும். கால்குலேட்டரில் பாருங்கள்: 1.05946. கம்பியின் நீளத்தை இந்த எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் மெட்டுகளின் இடம் கிடைத்துவிடும்.

கணக்கு சுலபமாக இருக்கக் கம்பியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். குதிரையிலிருந்து அளந்தால் முதல் மெட்டு 75.5 செ.மீ. தூரத்தில் வரும், இரண்டாவது 71.3, நான்காவது 63.5; ஏழாவது 53.4, பன்னிரண்டாவது சரியாக 40, கடைசியான 24-ஆவது 20. முதல் இடைவெளி நாலரை சென்டிமீட்டர். கடைசி இடைவெளியோ 1.2 சென்டிமீட்டர்தான். மெட்டுகள் குதிரையை நெருங்க நெருங்க நெருக்கமாக வருவது அழகுக்காக அல்ல. ஒவ்வொரு முறையும் கழிவது ஒரே நீளம் அல்ல, மீதியில் ஒரே பங்கு.

வர்க்கமூலம்கூடக் கையால் போட்ட காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? மீதி நீளத்தில் 18-இல் ஒரு பங்கைக் கழி என்பது பழைய வழி. 1581-இல் இத்தாலியில் லூட் என்ற கம்பிக் கருவிக்கு இந்த விதியை எழுதி வைத்தவர் வின்சென்சோ கலிலி. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? தொலைநோக்கியால் வியாழனின் நிலவுகளைக் கண்ட கலிலியோவின் அப்பாதான். 17/18-ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள்; 0.5036 வரும். நம் 80 செ.மீ. கம்பியில் பன்னிரண்டாவது மெட்டு 40-க்குப் பதில் 40.3-இல் நிற்கும். மூன்று மில்லிமீட்டர் பிசகு. தச்சருக்கு இது மன்னிக்கக்கூடிய பிசகுதான்; பாடகருக்கு அல்ல.

வீட்டில் கித்தார் இருந்தால் இப்போதே அளந்து பாருங்கள். பெரும்பாலான கித்தார்களில் கம்பி நீளம் 65 செ.மீ. அளவில் இருக்கும். அதை 1.05946-ஆல் வகுத்து முதல் மெட்டைத் தேடுங்கள். மேல் முனையிலிருந்து 3.6 செ.மீ.க்குச் சற்று மேலே கிடைக்கும். பன்னிரண்டாவது மெட்டு நடுவில், 32.5-இல். ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது.

ஆகவே நான் அன்றிரவே ஒன்பது மெட்டுகளுக்கும் பென்சிலால் குறி போட்டேன். சூடாக்கிய பழைய மேசைக்கத்தியால் மெழுகை இளக்கி, மெட்டுகளை நிமிர்த்திக் குறியில் நிறுத்தினேன். (இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். மெழுகும் குங்கிலியமும் தீப்பற்றும். நெருப்பை நேரே காட்டவே கூடாது.) மறுநாள் காலை அத்தை சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார்.

“கணக்கு சரிதாம்மா. காந்தாரம் சரியில்லையே.”

என் அளவுகோலை எடுத்து மறுபடி அளந்தேன். 63.5. அரை மில்லிமீட்டர்கூடத் தப்பில்லை. அத்தையின் காதுதான் வயதாகிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அதை வெளியே சொல்லாமல் இருந்தேனே, அதுவரை நல்லது.

அந்த வீணையைச் செய்தவர் இப்போது இல்லை. அவருடைய மகன் தஞ்சாவூரில் அதே தொழிலைச் செய்கிறார். அத்தையிடம் எண் இருந்தது. இங்கே இரவு ஒன்பது, அங்கே மாலை ஆறரை. காணொலியில் அழைத்தோம். “அப்பா கட்டின மேளமா? ஐயோ, கார்ல வெச்சீங்களா டீச்சர்?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு நான்காவது மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “பிருடைப் பக்கமா ஒன்றரை நூல் தள்ளுங்க” என்றார்.

நூல் என்பது தச்சர்களின் அளவு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். ஒன்றரை நூல் என்றால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். என் 63.5-ஐ 64-க்குத் தள்ளச் சொல்கிறார். கித்தாரில் ஒரு மில்லிமீட்டர் விலகாத இடத்தில் இங்கே அரை சென்டிமீட்டரா?

தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. 80-ஐ 64-ஆல் வகுத்தால் 5/4. மிகச் சுத்தமான பின்னம். ‘ச’ 160 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அவர் சொன்ன காந்தாரம் சரியாக 200 ஹெர்ட்ஸ். என்னுடையது 201.6. ஒன்றரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் ஒரு காதுக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் இயற்பியல் காதுக்குத் துணை வருகிறது. எந்தக் கம்பியும் ஒரே அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. 160-இன் ஐந்து மடங்கு 800. 200-இன் நான்கு மடங்கும் 800. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். என் காந்தாரத்தின் நான்கு மடங்கோ 806-க்குச் சற்று மேல். 800-உம் 806-உம் சேர்ந்து ஒலித்தால் ஒலி விநாடிக்கு ஆறு முறை கூடிக் குறையும். இதற்கு விம்மல்கள் என்று பெயர். அத்தைக்கு 201.6 என்ற எண் தெரியாது. ஆனால் சுருதிப் பெட்டியின் ‘ச’வோடு தன் காந்தாரம் சேரும்போது ஏதோ நடுங்குகிறது என்று தெரியும். அளவுகோலை விட நுட்பமான கருவி அவர் தலையின் இரு பக்கமும் இருந்தது.

கித்தாரிலும் இந்த நடுக்கம் உண்டு. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் வாசிக்க வேண்டும் என்பதற்காக அங்கே 12 படிகளையும் சமமாக்கி, நடுக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வீணையில் ‘ச’ மாறுவதே இல்லை. தாளக் கம்பிகள் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அங்கே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

வீணையின் ஏழு கம்பிகளில் பக்கவாட்டில் இருக்கும் மூன்றுதான் தாளக் கம்பிகள்: ச, ப, மேல் ச. மேளம் கட்டுபவருக்கு அவையே அளவுகோல். ஏழாவது மெட்டை வாசித்து ‘ப’ கம்பியை மீட்டுவார். பன்னிரண்டாவதை வாசித்து மேல் ‘ச’ கம்பியை மீட்டுவார். விம்மல் இருந்தால் மெட்டை நகர்த்துவார். வேகம் குறைந்தால் சரியான திசை. விம்மல் நின்ற இடத்தில் மெழுகை இறுகவிடுவார். 40 செ.மீ. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அதிர்வெண் 0.25 விழுக்காடு மாறும். 320 ஹெர்ட்ஸில் அது 0.8 ஹெர்ட்ஸ், பத்து விநாடிக்கு எட்டு விம்மல். பொறுமையாகக் கேட்டால் யாருக்கும் கேட்கும். மெழுகு ஏன் வேண்டும் என்பதற்கும் இதுதான் விடை. கேட்டுக் கேட்டு நகர்த்த முடிய வேண்டும்.

பன்னிரண்டாவது மெட்டிலும் என் குறி தோற்றது. அங்கே பின்னச் சண்டையே இல்லை. பாதி என்றால் பாதிதான். ஆனாலும் சுரம் சற்று உயர்ந்து ஒலித்தது. காரணம் எளிது, எனக்குத்தான் தோன்றவில்லை. மெட்டுக்கு மேலே சற்று உயரத்தில் நிற்கும் கம்பியை விரலால் அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, அதிர்வெண்ணும் கூடுகிறது. அதை ஈடுகட்ட மெட்டு பாதியிலிருந்து பிருடைப் பக்கம் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். எவ்வளவு என்பது கம்பியின் உயரம், தடிமன், உலோகம் எல்லாவற்றையும் பொறுத்தது. கித்தாரிலேயே இதைச் சோதிக்கலாம். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போல ஒரு சுரம் கேட்கும். பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் கித்தார் நன்றாகச் சரிசெய்யப்பட்டது. இல்லையென்றால், அதன் குதிரை நிற்கும் இடத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

மூன்று இரவுகள் இப்படிப் போயின. அங்கிருந்து அவர் கேட்பார். இங்கே அத்தை கேட்பார். கத்தி மட்டும் என் கையில். கைப்பேசி ஒலியின் செழுமையைக் குறைத்துவிடும். அதிர்வெண்ணை மாற்றாது. அதனால்தான் இந்த வைத்தியம் கடல் கடந்தும் நடந்தது. ஆனால் மெல்லிய விம்மல்கள் அவருக்குக் கேட்கவில்லை. அந்த இடங்களில் “அம்மா சொல்றதுதான்” என்று விட்டுவிட்டார்.

காணொலியில் வீணையைத் திருப்பிக் காட்டச் சொன்னபோது, குடத்தின் மேல் பலகையோரத்தில் முடி அளவு விரிசல் ஒன்றை அவர்தான் கண்டுபிடித்தார். அது காரின் வேலை அல்ல, பழையது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆனது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடி வாங்குவார்கள். நம் கம்பத்து வீடுகளின் பின்னால் நிற்கும் அதே நங்கா மரம்தான். வெட்டிய பலா மரத்தின் மஞ்சள் நிறத்துக்கு மோரின் என்ற பொருள் காரணம். பர்மாவிலும் தாய்லாந்திலும் புத்தபிக்குகளின் ஆடைக்குச் சாயமேற்ற இம்மரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெட்டிய மரம் இறந்துவிட்டாலும் காற்றின் ஈரத்தை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதுமாகவே இருக்கும். நீளவாட்டில் மாற்றம் தெரியாது. குறுக்குவாட்டில்தான் விரியும், சுருங்கும்.

மலாக்காவின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் மரம் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையில் ஈரப்பதம் 50-க்கு இறங்கினால், நாளடைவில் மரத்தின் நீரும் 9 விழுக்காட்டுக்கு இறங்கும். ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அகலம் 0.15 விழுக்காடு சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. அகலமான பலகை 3 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் சுருங்க வழியில்லை, எங்காவது பிளக்கும். அத்தை பல ஆண்டுகளாக வீணையைக் குளிர்சாதன அறையில் ‘பத்திரமாக’ வைத்திருந்தார். இப்போது கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்.

குதிரையையும் அவர் விடவில்லை. வீணையின் குதிரை மேல் மெல்ல வளைந்த வெண்கலத் தகடு ஒன்று இருக்கும். கம்பி அதன் கூரிய விளிம்பில் நிற்பதில்லை. வளைவை உரசியபடி அதிர்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1930-இல் ஒளி ஆய்வுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே இதை ஆராய்ந்தவர். அவருடைய மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடம் கணுவாக அமையும் மேற்சுரங்கள் ஒலியில் இருக்கக்கூடாது என்பது விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை ஒலிக்கின்றன, அந்த வளைந்த குதிரைதான் காரணம் என்று 1921-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். அந்த வளைவு தேய்ந்து கம்பித் தடம் விழுந்தால் நாதம் மழுங்கிவிடும். அத்தையின் தகட்டில் நான்கு தடங்கள் இருந்தன. “அதை நீங்க தொட வேண்டாம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். நான் தொடவில்லை.

சரஸ்வதி பூசை அன்று அத்தை வாசித்தார். எட்டு மெட்டுகள் சரியாக இருந்தன. குதிரைக்கு அருகில் இருந்த 23-ஆவது மட்டும் எங்கள் மூவருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. அங்கே அரை மில்லிமீட்டருக்கும் கத்தி பெரிதாக இருந்தது. அந்தச் சுரம் வரும் இடத்தில் எல்லாம் அவர் 22-ஆவது மெட்டிலிருந்து கம்பியை இழுத்துக் கொண்டுவந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆண்டிறுதி விடுமுறையில் வீணை தஞ்சாவூருக்குப் போகிறது. பழைய மெழுகு முழுவதையும் எடுத்துவிட்டு மேளத்தைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் 63.5 பென்சில் குறியை அழிக்க வேண்டாம் என்று அத்தை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.